பந்து சோறு போடுமா?

(காரைக்காலில் இளைஞர்கள், பெற்றோர்கள் மத்தியில் பேசிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே விடப்பட்டுள்ளது.)



தலைப்பைப் பார்த்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். ஏனென்றால் இது நாம் கண்டுபிடித்த கேள்வி இல்லை. காரைக்கால்மேட்டிலும், கோட்டுச்சேரியிலும், திரு.பட்டினத்திலும், நெடுங்காட்டிலும் சாயங்காலம் மண்ணோடு வீட்டுக்கு வர்ற பையனைப் பார்த்து அம்மா கேட்கிற கேள்வி. "பந்து சோறு போடுமாடா?" பையனிடம் பதில் இருக்காது. அப்பா பேசாமல் இருப்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு வந்ததும் பந்து பரண்மேல் ஏறிவிடும்.

அந்தக் கேள்வியை நாம் தள்ளிவிடப் போவதில்லை. அது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்துப் பதில் தேடலாம். அவர் பெயர் ஐ.எம். விஜயன். "திமிரு" படத்தில் வில்லனாக வந்தாரே, "பிகில்" படத்தில்கூட வந்தாரே, அவரேதான். நம்மில் பலருக்கு அவரை நடிகராகத்தான் தெரியும். அவர் இந்தியக் கால்பந்து அணியின் கேப்டனாக இருந்தவர் என்பது அதன் பிறகுதான் தெரிய வரும்.

விஜயன் 1969-ல் கேரளத்தின் திருச்சூரில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். அப்பா விபத்தில் இறந்துவிட, அம்மாவின் உழைப்பில்தான் வீடு ஓடியது. சின்ன வயதில் விஜயன் திருச்சூர் நகராட்சி ஸ்டேடியத்தில் சோடா விற்றார். ஒரு பாட்டிலுக்குப் பத்துப் பைசா. மற்றவர்கள் டிக்கெட் எடுத்துப் பார்த்த ஆட்டத்தை அவர் சோடா பெட்டியோடு நின்று பார்த்தார்.

1990-ல் அதே திருச்சூர் ஸ்டேடியத்தில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. கோவாவின் சால்கோக்கர் அணியை வென்று கோப்பையைத் தூக்கியது கேரளக் காவல்துறை அணி. அதில் விளையாடியவர்களில் ஒருவர் விஜயன். அடுத்த ஆண்டும் அந்தக் கோப்பை அவர்களுக்கே வந்தது.

சோடா பெட்டிக்கும் அந்தக் கோப்பைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். "திறமை இருந்துச்சு, வந்துட்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. நடந்தவை மூன்று.

முதலாவது, குடும்பம். வருமானம் இல்லாத வீடு, ஆனாலும் பையனை மைதானத்துக்குப் போகாதே என்று கட்டிப்போடவில்லை. பணக்கார வீட்டில் பையன் விளையாடினால் அது பொழுதுபோக்கு. கூலி வேலை செய்கிற வீட்டில் பையன் விளையாடினால், அவன் சம்பாதித்துக் கொடுத்திருக்கக்கூடிய காசை வீடு விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். அதை எந்தப் பட்டியலிலும் எழுத மாட்டார்கள். ஆனால் அவருடைய முதல் ஸ்பான்சர் அந்த அம்மாதான்.

இரண்டாவது, பார்த்துச் சொல்ல ஒரு ஆள். திருச்சூர்ப் பயிற்சி முகாமில் விஜயனைச் செதுக்கியவர் டி.கே. சாத்துண்ணி. அவரே இந்தியாவுக்காக விளையாடிய வீரர். ராணுவத்தின் செகந்திராபாத் இ.எம்.இ. அணியில் ஆடியவர். ஆடி முடித்ததும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை, பயிற்சியாளரானார்.

மூன்றாவது, வேலை. பதினேழு வயதில் விஜயனைக் கேரளக் காவல்துறை தன் அணிக்கு எடுத்துக்கொண்டது. சீருடை, சம்பளம், சாப்பாடு, தினமும் பயிற்சி, கூட விளையாட நல்ல வீரர்கள் எல்லாம் கிடைத்தது. அம்மாவின் கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்துவிட்டது.

இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இன்றைக்கு அவர் பெயரை நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். திறமை அவருடையது. மற்ற மூன்றும் மற்றவர்கள் கொடுத்தது. காரைக்காலிலும் நம்மால் கொடுக்க முடிந்தவை அந்த மூன்றுதான்.

பிறகு அவர் காவல்துறையை விட்டு மோகன் பகானுக்குப் போனார். ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் என்று நாட்டின் பெரிய அணிகளில் எல்லாம் ஆடினார். 1999 தெற்காசிய விளையாட்டில் பூட்டானுக்கு எதிராக 12-வது விநாடியில் கோல் போட்டார். தேசிய அளவில் ஆண்டின் சிறந்த வீரர் விருதை மூன்று முறை வாங்கினார். 2003-ல் அர்ஜுனா விருது வந்தது.

இனிமேல்தான் கவனிக்க வேண்டியது. ஆட்டம் முடிந்த பிறகு அவர் மறுபடியும் காவல்துறைக்கே திரும்பினார். மலப்புரத்தில் கேரளக் காவல்துறையின் கால்பந்து அகாடமிக்கு இயக்குநராக இருந்து, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்றார். 2025-ல் பத்மஸ்ரீ. அதே ஆண்டு ஏப்ரலில், 56 வயதில், மலபார் சிறப்புக் காவல் படையின் துணை கமாண்டன்டாகப் பணி ஓய்வு பெற்றார். சாத்துண்ணி தனக்குக் கொடுத்ததை அவர் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்.

இந்தச் சங்கிலியில் தமிழர் ஒருவரும் இருக்கிறார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக இந்தியாவுக்குக் கோல் போட்டவர் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றுவரை அதுதான். அவரும் ஆடி முடித்துப் பயிற்சியாளரானார். 1973-ல் கேரளா முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளர் அவர்தான். இன்றைக்குக் கால்பந்து என்றாலே கேரளா என்கிறோம். அந்தக் கேரளாவுக்கு முதல் கோப்பையைத் தேடிக் கொடுத்ததில் ஒரு தமிழரின் பங்கு இருக்கிறது.

"அதெல்லாம் கேரளாவுங்க, நம்ம பக்கம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. தஞ்சாவூர்க்காரர் குலோத்துங்கன், 2003-ல் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தவர். நம்ம காவிரி டெல்டா மண்ணுதான். நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிற கடலூரிலிருந்து வந்தவர் இந்துமதி கதிரேசன். இந்திய மகளிர் அணியின் நடுக்கள வீராங்கனை. 2018-ல் தமிழ்நாடு மகளிர் அணி மணிப்பூரை வென்று தேசியக் கோப்பையைக் கைப்பற்றியபோது அந்த அணியில் இருந்தார். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 கொரோனா ஊரடங்கின்போது பந்தை ஓரமாக வைத்துவிட்டுச் சென்னையில் சாலையில் நின்று பணி செய்தார். பெண் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பத் தயங்குகிற வீடுகளில் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். விஜயனோடு அதே கேரளக் காவல்துறை அணியில் ஆடியவர் வி.பி. சத்யன். இந்தியாவின் கேப்டன். 1992-ல் கோயம்புத்தூரில் சந்தோஷ் கோப்பையை வென்ற கேரள அணிக்கும் அவர்தான் கேப்டன். பிறகு சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியில் இருந்தார். 2006 ஜூலையில், 41 வயதில், சென்னைப் பல்லாவரத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

ஏன் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. அவருக்கு வேலை இருந்தது, பெயர் இருந்தது. அது மட்டும் போதவில்லை. இருபது வருடம் கைதட்டலுக்கு நடுவில் வாழ்ந்தவருக்கு, முழங்காலும் வயதும் ஒத்துழைக்காத ஒரு நாளில் எல்லாம் சட்டென்று நின்றுபோகும். அப்போது "அண்ணே, நாளைக்கு கிரவுண்டுக்கு வாங்க, பசங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்ல ஆட்கள் வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்கு மட்டும் நல்லது என்று நினைக்கிறோம். சொல்லிக்கொடுப்பவருக்கும் அது மருந்துதான்.

நம்ம ஊரிலும் பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்து அந்தக் காலத்து மேட்ச் கதை சொல்பவரை "ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று நகர்ந்து போகாதீர்கள். கூப்பிட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்துங்கள். மனசு கனமாக இருக்கிற யாராக இருந்தாலும், வீரரோ மாணவரோ பெற்றோரோ, 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம். கட்டணம் இல்லை. 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சரி, காரைக்காலுக்கு வருவோம். நம்ம நிலைமை கொஞ்சம் வித்தியாசமானது. சுற்றி நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் என்று தமிழ்நாட்டு மாவட்டங்கள். நடுவில் நாம் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். தலைநகரம் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பையனும் இந்தப் பக்கம் இருக்கிற பையனும் ஒரே திடலில் ஆடுவார்கள். ஆனால் தேர்வு என்று வந்தால் அவன் தமிழ்நாட்டுக்கு, இவன் புதுச்சேரிக்கு. தேர்வுக்குப் புதுச்சேரி போக விடியற்காலை பஸ் ஏற வேண்டும், செலவு ஆகும், கூட ஒரு ஆள் போக வேண்டும். இது சிரமம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.2 கோடி. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 12.5 லட்சம். அதில் காரைக்கால் மாவட்டம் 2 லட்சம். சந்தோஷ் கோப்பையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு அணி, புதுச்சேரிக்கும் ஒரு அணி. அந்த அணியில் இடம் பிடிக்க நம்ம பையன் எத்தனை பேரோடு மோத வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தூரம் நமக்குக் கஷ்டம். எண்ணிக்கை நமக்குச் சாதகம். அந்தச் சாதகத்தைப் பயன்படுத்த வேண்டுமென்றால் காகிதங்கள் சரியாக இருக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் காகிதம் இல்லாமல் திரும்பி வருவதைப் போல வருத்தம் வேறு இல்லை. அதனால் இவற்றை மனதில் வையுங்கள்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். வயது வரம்புப் போட்டிகளில் எல்லாமே இதில்தான் தொடங்குகிறது. பிறந்து 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாவட்ட ஆட்சியர் அல்லது அவர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவரின் உத்தரவு தேவை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பலவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஒரே ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தலைப்பெழுத்து மாறியிருப்பதுதான் அதிகம் நடக்கிற சிக்கல்.

இங்கே ஒரு வார்த்தை. ஒரு வயது குறைத்துக் காட்டினால் அணியில் இடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் டி.டபிள்யூ-3 சோதனை இளையோர் போட்டிகளில் இருக்கிறது. மாட்டினால் போவது ஒரு போட்டி மட்டும் இல்லை, அந்தப் பிள்ளையின் பெயர்.

அடுத்து குடியிருப்புச் சான்றிதழ். புதுச்சேரிக்காக ஆடுவதற்கும், பிறகு வேலைக்கும், உதவித்தொகைக்கும் இது வேண்டும். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-மாவட்ட இணையதளம் மூலமாகவே விண்ணப்பிக்கலாம். தேர்வுக்கு முந்தின நாள் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். பள்ளி திறக்கும் மாதத்திலேயே வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, விளையாட்டுச் சான்றிதழ். கோப்பை வீட்டு அலமாரிக்கு. சான்றிதழ் வேலைக்கு. மத்திய அரசின் குரூப் சி நேரடி நியமனங்களில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கலாம் என்று விதி இருக்கிறது. வயது வரம்பில் 5 ஆண்டு வரை தளர்வு, பட்டியல் இனத்தவருக்குப் 10 ஆண்டு வரை. நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடியவர், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர், தேசியப் பள்ளி விளையாட்டில் மாநில அணியில் ஆடியவர் எல்லாரும் இதில் வருவார்கள். ஆனால் அதற்கென்று உள்ள படிவத்தில், உரிய அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆடிய வருடமே அதை வாங்கிவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தப் பதவியில் இருக்க மாட்டார்.

நான்காவது, உதவித்தொகை. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் இளம் வீரருக்கு ஆண்டுக்கு ₹6.28 லட்சம் வரை செலவிடப்படுகிறது. அதில் ₹1.20 லட்சம், அதாவது மாதம் ₹10,000, வீரரின் கைச்செலவுக்கு. பக்கத்து மயிலாடுதுறையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. எந்தெந்த விளையாட்டுக்குச் சேர்க்கை, எப்போது தேர்வு என்று நேரில் போய்க் கேட்டு வாருங்கள்.

ஐந்தாவது, ஓய்வு பெற்ற வீரர்களுக்கு. மத்திய அரசின் வீரர் ஓய்வூதியம் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்ற பெரிய போட்டிகளில் பதக்கம் வென்றவர்களுக்குத்தான். சந்தோஷ் கோப்பை ஆடியவருக்கு அது கிடைக்காது. இதனால்தான் சீருடை வேலையும், ரயில்வே வேலையும், வங்கி வேலையும் இத்தனை முக்கியமாகின்றன. ஆனால் கஷ்ட நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கும், காயம், சிகிச்சை என்று அவதிப்படுபவர்களுக்கும் பண்டித தீனதயாள் உபாத்யாய் தேசிய விளையாட்டு வீரர் நல நிதி இருக்கிறது. தகுதி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்.

சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிற பழைய வீரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு ஆட்டம் தெரியும். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பது வேறு படிப்பு. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் டி லைசென்ஸ் முதலிய பயிற்சியாளர் படிப்புகளை நடத்துகிறது. அதை முடியுங்கள். பெற்றோர்களும் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். யார் சொல்லிக்கொடுக்கிறார், வெளியூர் போட்டிக்கு யார் கூடப் போகிறார், எங்கே தங்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் கோபப்பட மாட்டார், பதில் சொல்வார். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

கடைசியாக ஒரு யோசனை. நம்ம கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் அப்பாமார்கள் கரையில் இருக்கிற காலம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. வருடத்தில் அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அப்போதுதான். அந்தக் காலத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு திடல், இரண்டு பந்து, ஒரு பழைய வீரர், கரையில் நிற்கிற சில அப்பாக்கள். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு கிராமம் முடிவெடுத்தால் போதும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், குடிதண்ணீர் வையுங்கள், அவ்வளவுதான்.

அந்தத் திடலில் நிற்கிற எல்லாப் பிள்ளைகளும் விஜயன் ஆக மாட்டார்கள். ஆக வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவர் காவலர் ஆகலாம், ஒருவர் உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம், ஒருவர் வலை பின்னிக்கொண்டே சனி ஞாயிறு சின்னப் பிள்ளைகளுக்குப் பாஸ் கொடுக்கக் கற்றுத் தரலாம்.

ஆக, பந்து சோறு போடுமா? தனியாகப் போடாது. வீடு விட்டுக்கொடுத்து, ஒரு மூத்தவர் கைபிடித்து, அரசு வேலையும் உதவியும் சேர்ந்தால் போடும். இதில் வீட்டின் பங்கு உங்களுடையது, மூத்தவரின் பங்கு ஊருடையது. அரசின் பங்கைக் கேட்டு வாங்க வேண்டியதும் நீங்கள்தான். அதற்கான கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுவது எங்கள் வேலை.